இரண்டு கோயில், ஒரு பங்குத்தந்தை: வாசகர் கேள்வி – பதில்

அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகள் (ஒரு கோயிலைச் சார்ந்த இறைமக்கள் சமூகங்கள்) குருக்களையும் பணியாளர்களையும் பொருள்களையும் பகிர்ந்துகொள்வது பற்றிப் பெங்களூருத் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். திருச்சபைச் சட்டம், பங்கு அலுவலகம், கணக்கு வழக்கு ஆகியவற்றில் பழக்கமுள்ளவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். பதில்களில் வரும் சட்ட எண்கள் 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் உள்ளவை. இலத்தீன் முறைப் பங்குகளுக்கு அவை பொருந்தும்.

எங்கள் பங்குக்கும் பக்கத்துப் பங்குக்கும் இனி ஒரே பங்குத்தந்தைதான் என்று பேச்சு அடிபடுகிறது. அப்படியானால் எங்கள் பங்கே இல்லாமல் போய்விடுமா?
– வாசகர், லிங்கராஜபுரம்

போகாது. பங்குத்தந்தையைப் பகிர்வது வேறு, பங்குகளை இணைப்பது வேறு. இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்புவதால்தான் பெரும்பாலான பங்குகளில் கூட்டம் தொடங்கும் முன்பே சண்டை தொடங்கிவிடுகிறது.

முறைப்படி நிறுவப்பட்ட பங்கு ஒவ்வொன்றும் தனிச் சட்ட ஆள், அதாவது சட்டத்தின் கண்ணில் தனி உரிமையும் கடமையும் உள்ள அமைப்பு (சட்டம் 515). அதற்குச் சொந்தமாகப் பதிவேடுகள், முத்திரை, நிதிக்குழு, சொத்து உண்டு. அதை நிறுவவோ மாற்றவோ கலைக்கவோ, பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்தின் தலைவரான ஆயருக்கு மட்டுமே அதிகாரம். அவரும் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டு, எழுத்தில் ஆணை பிறப்பித்துத்தான் செய்ய வேண்டும். பங்குத்தந்தையோ மறைவட்ட அதிபரோ பங்குப்பேரவையோ கூடி முடிவெடுத்து ஒரு பங்கை இன்னொன்றோடு சேர்த்துவிட முடியாது.

பகிர்வுக்குச் சட்டம் மூன்று வழி தருகிறது. முதலாவது, ஒரு குருவையே பக்கத்துப் பக்கத்துப் பங்குகள் பலவற்றுக்குப் பங்குத்தந்தையாக நியமிப்பது (526). குருக்கள் போதாதபோதோ வேறு தகுந்த காரணம் இருக்கும்போதோ இது அனுமதிக்கப்படும். அவர் இரண்டு பங்குக்கும் தனித்தனியே பங்குத்தந்தை. இரண்டாவது, ஒரு பங்கையோ பல பங்குகளையோ ஒரு குருக்கள் குழுவிடம் கூட்டாக ஒப்படைப்பது (517, முதல் பகுதி). குழுவில் ஒருவர் பொறுப்பாளர். ஆயரிடம் பதில் சொல்வதும் சட்ட விவகாரங்களில் பங்கைப் பிரதிநிதிப்பதும் அவர்தான். மூன்றாவது, அவரவர் பங்குத்தந்தை அவரவர் பங்கிலேயே இருக்க, அடுத்தடுத்த பங்குகள் ஒரு கூட்டாகச் சேர்ந்து இயங்குவது (374). மறைவட்டம் என்று நாம் சொல்வது இந்த வகைதான். மறைக்கல்வி, இளையோர், திருமணத் தயாரிப்பு போன்ற பொறுப்புகளை இந்தக் கூட்டில் பங்கிட்டுக்கொள்வார்கள்.

கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த மூன்றில் எது?" என்பதுதான். மேடையில் இருப்பவரால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால், திட்டம் இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது என்று பொருள்.

வத்திக்கானின் குருக்கள் விவகாரப் பேராயம் 2020 ஜூலையில் வெளியிட்ட அறிவுறுத்தல் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது. மறைமாவட்டத்தில் குருக்கள் குறைவு என்பதோ, மறைமாவட்டத்தின் பொதுவான பணநிலையோ ஒரு பங்கைக் கலைக்கப் போதுமான காரணமாகாது. காரணம் அந்தக் குறிப்பிட்ட பங்கோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே சாமி இரண்டு கோயிலில் எத்தனை பூசை வைக்க முடியும்? எங்கள் கோயிலில் இப்போது நான்கு, பக்கத்துக் கோயிலில் மூன்று.
– வாசகி, ஃப்ரேசர் டவுன்

ஏழு பூசையையும் ஒருவரே வைக்க முடியாது. பொது விதி, ஒரு குருவுக்கு ஒரு நாளைக்கு ஒரு பூசை. போதிய குருக்கள் இல்லையென்றால் தக்க காரணத்துக்காக ஆயர் இரண்டுக்கு அனுமதி தரலாம். மேய்ப்புப்பணித் தேவை இருந்தால் ஞாயிறுகளிலும் கடன்திருநாள்களிலும் (பூசை காண்பது கடமையான திருநாள்களிலும்) மட்டும் மூன்று (905). நான்காவதற்கு இடமே இல்லை. சனிக்கிழமை மாலைப் பூசை மக்களுக்கு ஞாயிறு கடனை நிறைவேற்றும். ஆனால் குருவுக்கு அது சனிக்கிழமைக் கணக்கில்தான் சேரும். காலையில் ஒன்று வைத்திருந்தால் மாலையில் இரண்டாவது.

ஆக, ஒருவரை வைத்துத் திட்டமிட்டால் கையில் இருப்பது சனி மாலை 1, ஞாயிறு 3, ஆக மொத்தம் 4. இப்போது நேரத்தைக் கணக்கிடுவோம். கோயில்கள் 4 கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பூசை ஒரு மணி நேரம் என்று அச்சிட்டாலும் பாடல், மறையுரை, அறிவிப்பு எல்லாம் சேர்ந்து 65 – 70 நிமிடம் ஆகும். நற்கருணை வழங்குவதில் ஒருவர் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் கொடுக்க முடியும். 600 பேர் வரும் பூசையில் இரண்டு பேர் மட்டும் வழங்கினால் அதற்கே 25 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ஐந்து பேர் வழங்கினால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒரு குரு ஓட வேண்டிய ஞாயிறு அட்டவணையை நிலைகுலைய வைப்பது பெரும்பாலும் இந்த ஒன்றுதான். பகிர்வு தொடங்கும் முன்பே பெரிய கோயிலில் பூசைக்கு நான்கு நற்கருணைப் பணியாளர்களாவது பயிற்சி பெற்று, அனுமதிக் கடிதத்தோடு இருக்க வேண்டும்.

பூசை முடிந்ததும் வாசலில் பத்து நிமிடம் போகும். யாராவது புது வண்டியை மந்திரிக்கச் சொல்வார்கள், யாராவது கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பயணம், ஞாயிறு காலை 8 மணிக்கு முன் 15 நிமிடம், 10 மணிக்குப் பின் அரை மணி. அதனால் ஒரு கோயிலில் பூசை முடிவதற்கும் மறு கோயிலில் தொடங்குவதற்கும் 45 நிமிட இடைவெளி கட்டாயம். 30 நிமிடம் போதும் என்று போட்ட அட்டவணை முதல் மழையிலேயே கவிழ்ந்துவிடும்.

இப்படிப் போட்டுப் பாருங்கள். சனி மாலை 6.00 பெரிய கோயில். ஞாயிறு காலை 6.30 பெரிய கோயில்; 8.30 சின்னக் கோயில், 10.30 பெரிய கோயில். மாலைப் பூசை வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு குருவை ஒழுங்கு செய்ய வேண்டும். பெங்களூரில் குருமடங்களுக்கும் துறவற இல்லங்களுக்கும் பஞ்சமில்லை. மல்லேஸ்வரம் புனித பேதுரு குருமடம் முதல் நகரைச் சுற்றிப் பல இல்லங்களில் படிக்கும், கற்பிக்கும் குருக்கள் இருக்கிறார்கள். இதில் இரண்டு எச்சரிக்கை. ஒருவரையே ஓராண்டுக்கு உறுதி செய்யுங்கள். வாரம் ஒருவர் என்றால் சனி இரவு பத்து மணிக்குத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அலைவது யாராவது ஒரு பேரவை உறுப்பினராக இருப்பார். வருபவர் சீரோ மலபார் முறையை (கேரளத்தின் கிழக்கத்திய வழிபாட்டு முறையை) சேர்ந்தவரானால், இலத்தீன் முறையில் பூசை வைக்க அவருக்குத் தனி அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதான, நீரிழிவு உள்ள குருக்களுக்காக ஒரு வார்த்தை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு உண்டுதான். ஆனால் ஒரே நாளில் இரண்டு மூன்று பூசை வைக்கும் குரு, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் முன் ஏதாவது சாப்பிடலாம், இடையில் ஒரு மணி நேரம் இல்லாவிட்டாலும் (919). 8.30 பூசைக்கு முன் சின்னக் கோயிலில் இரண்டு இட்லி தயாராக இருக்கட்டும். பெற்ற தகப்பனுக்குச் செய்வதுபோல இதைச் செய்யுங்கள்.

பூசைக் கருத்துக் காணிக்கை எந்தக் கோயிலுக்குச் சேரும்?
– வாசகர், விவேக் நகர்

கருத்தை (பூசை யாருக்காக, எதற்காக என்ற வேண்டுதலை) எந்தக் கோயில் அலுவலகத்தில் காணிக்கை கொடுத்துப் பதிந்தீர்களோ அந்தக் கோயிலின் பூசைப் புத்தகத்தில் அது இருக்க வேண்டும். இரண்டு கோயிலுக்கும் சேர்த்து ஒரே புத்தகம் வைக்காதீர்கள். ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவு விழுந்து, இறந்தவர் ஆண்டு நினைவுக்குக் குடும்பம் வந்து நிற்கும்போது வேறு பெயர் வாசிக்கப்படும்.

ஒரே நாளில் இரண்டு மூன்று பூசை வைக்கும் குரு, ஒரு பூசையின் காணிக்கையை மட்டுமே தனக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றவை ஆயர் குறித்த நோக்கத்துக்குப் போக வேண்டும். கிறிஸ்து பிறப்பு நாள் மட்டும் விலக்கு (951). பல கருத்துகளைச் சேர்த்து ஒரே பூசையில் ஒப்புக்கொடுப்பதற்கு வத்திக்கானின் 1991 ஆணையின்படி எல்லை உண்டு: இடமும் நேரமும் முன்கூட்டி அறிவிக்கப்பட வேண்டும், கொடுப்பவர்கள் தெரிந்தே இசைந்திருக்க வேண்டும், வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது. பூசை எண்ணிக்கை குறையும்போது இந்த எல்லை மீறப்படும் வாய்ப்பு அதிகம். பகிர்வு தொடங்கிய முதல் மாதமே கவனியுங்கள்.

என் மகள் திருமணம் எங்கள் கோயிலில்தான். ஆனால் பக்கத்துப் பங்கின் தமிழ்ச் சாமி நடத்தி வைப்பார் என்கிறார்கள். ஏதாவது சிக்கல் வருமா?
– வாசகி, உல்சூர்

வரலாம் அம்மா, அதுவும் பெரிய சிக்கல். தயவுசெய்து ஓலை எழுதும்போதே (திருமண அறிவிப்புக்காகப் பங்கில் பதியும்போதே) தீர்த்துக்கொள்ளுங்கள்.

பங்குத்தந்தை தன் பங்கு எல்லைக்குள் மட்டுமே பதவியின் பலத்தால் திருமணத்தைச் செல்லத்தக்க விதத்தில் நடத்தி வைக்க முடியும் (1109). வேறு குரு நடத்த வேண்டுமானால் அந்த இடத்துப் பங்குத்தந்தையோ ஆயரோ அவருக்கு அதிகாரம் ஒப்படைக்க வேண்டும். அது குறிப்பிட்ட ஆளுக்கு, வெளிப்படையாக, குறிப்பிட்ட திருமணத்துக்கு என்று கொடுக்கப்பட வேண்டும். பொதுவான அதிகாரமாக இருந்தால் எழுத்தில்தான் இருக்க வேண்டும் (1111). அந்த ஒப்படைப்பு இல்லாமல் நடந்தால் பூசையும் ஆசீரும் விருந்தும் சிறப்பாக நடந்தாலும் திருமணம் செல்லாமல் போகலாம். பல ஆண்டு கழித்து வேறொரு காரியத்துக்காகப் பதிவேட்டைப் புரட்டும்போதுதான் அது தெரிய வரும்.

உங்கள் நிலைமை எது என்று பாருங்கள். அந்தத் தமிழ்ச் சாமி இரண்டு பங்குக்கும் பங்குத்தந்தையாக நியமிக்கப்பட்டவர் என்றால் ஒப்படைப்பு வேண்டாம். குருக்கள் குழுவாக ஒப்படைக்கப்பட்ட பங்குகள் என்றாலும் குழுவில் எல்லாருக்கும் அந்த அதிகாரம் உண்டு. பொறுப்பாளரின் வழிகாட்டுதலில் அதைப் பயன்படுத்துவார்கள் (543). உதவிக்கு வந்துபோகும் பக்கத்துப் பங்குத்தந்தை என்றால் கடிதம் கட்டாயம். "சாமிகிட்ட போன்ல சொல்லிட்டோம்" என்பது போதாது. மணமக்கள் பெயர், தேதி, கோயில், நடத்தும் குருவின் பெயர், உங்கள் பங்குத்தந்தையின் கையெழுத்து, முத்திரை – இத்தனையும் உள்ள ஒரு தாளைத் திருமணக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். பதிவு, திருமணம் நடந்த கோயிலின் பதிவேட்டில்தான். அங்கிருந்து இருவரும் திருமுழுக்குப் பெற்ற பங்குகளுக்கும் அறிவிப்புப் போக வேண்டும். மாப்பிள்ளையின் திருமுழுக்குப் பதிவு தமிழ்நாட்டுக் கிராமத்துப் பங்கில் இருந்தால், அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா என்று மூன்று மாதம் கழித்து நீங்களே ஒரு முறை கேளுங்கள்.

திருமுழுக்கும் அப்படியே: எந்தக் கோயிலில் கொடுத்தார்களோ அந்தக் கோயில் பதிவேட்டில்.

இரண்டு பங்கும் சேர்ந்து ஓர் உபதேசியார் (மறைக்கல்வி கற்பிக்கும் கோயில் பணியாளர்), ஒரு கணக்கர், ஒரு ஒலிபெருக்கிச் செட் வைத்துக்கொள்ள நினைக்கிறோம். செலவை எப்படிப் பிரிப்பது? எங்களுடையது சின்னப் பங்கு.
– நிதிக்குழு உறுப்பினர், கே.ஆர்.புரம்

சரிபாதி என்றால் சின்னப் பங்கு தாங்காது. குடும்ப எண்ணிக்கையின்படி மட்டும் பிரித்தால் பெரிய பங்கு, "பணம் எங்களுடையது, முடிவும் எங்களுடையது" என்ற எண்ணத்துக்கு வந்துவிடும். நாங்கள் பரிந்துரைப்பது இரண்டையும் கலந்த முறை. பாதித் தொகையைச் சமமாகவும் மீதிப் பாதியைக் குடும்ப எண்ணிக்கைப்படியும் பிரியுங்கள்.

உதாரணமாக, மாதப் பொதுச் செலவு 60,000 ரூபாய். பெரிய பங்கில் 900 குடும்பம், சின்னப் பங்கில் 300. முதல் 30,000 ஆளுக்கு 15,000. அடுத்த 30,000 மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 22,500, 7,500. ஆக பெரிய பங்கு 37,500, சின்னப் பங்கு 22,500. குடும்ப எண்ணிக்கையை அன்பியங்களின் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களின்) பட்டியலிலிருந்து எடுங்கள். சந்தா கட்டுபவர்களை மட்டும் எண்ணினால் ஏழைக் குடும்பங்கள் கணக்கிலிருந்தே விடுபட்டுப் போகும்.

கூட்டு வங்கிக் கணக்கு தொடங்க வேண்டாம். பணியாளருக்கு ஒரே ஒரு பங்கு வேலையளிப்பவராக இருந்து நியமனக் கடிதமும் சம்பளமும் கொடுக்கட்டும். மற்றப் பங்கு தன் பாகத்தை மாதம் 5-ஆம் தேதிக்குள் ரசீதோடு அந்தப் பங்குக்கு அனுப்பட்டும். இரண்டு இடத்திலும் அரைச் சம்பளம் வாங்கும் உபதேசியாருக்கு விடுப்பு, பணித்தொடர்ச்சி, மருத்துவ உதவி எதற்கும் கேட்க ஆளில்லாமல் போய்விடும். நம் கோயில்களில் மிகக் குறைந்த ஊதியத்தில் உழைப்பவர்கள் அவர்கள்தான். பகிர்வு அவர்கள் தலையில் விடியக் கூடாது. இரண்டு பங்கின் வேலையைத் தருகிறீர்கள் என்றால் வாரத்தில் எந்த நாள் எங்கே என்பதையும், ஒரு முழு விடுமுறை நாளையும் கடிதத்திலேயே எழுதுங்கள்.

நிதிக்குழு ஒவ்வொரு பங்குக்கும் கட்டாயம் (537). கூட்டுக் குழு ஒன்று வைத்துக்கொண்டாலும் அது இவற்றுக்குப் பதிலாகாது. கல்லறைப் பராமரிப்பு, ஏழை மாணவர் படிப்பு, தேர்ப் பழுது என்று குறித்துக் கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் (1267). பொதுச் செலவில் போடக் கூடாது. வெளிநாட்டுப் பணம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின், அதைப் பெற்ற அமைப்பு வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. இரண்டு பங்கும் ஒரே பதிவின்கீழ் வருகின்றனவா என்று தணிக்கையாளரிடம் கேட்காமல் ஒரு ரூபாயும் நகர்த்தாதீர்கள்.

ஒலிபெருக்கிச் செட்டைப் பொறுத்தவரை, கோயிலுக்குள் பொருத்திய பெட்டிகளைக் கழற்றிப் பகிர வேண்டாம். வயரும் இணைப்பும்தான் முதலில் கெடும். பவனிக்கும் திறந்தவெளிப் பூசைக்கும் வேண்டிய கையடக்கச் செட், ஜெனரேட்டர், பந்தல், பெரிய பாத்திரங்கள், நாற்காலி இவற்றைப் பகிருங்கள். எடுத்த நாள், எண்ணிக்கை, திருப்பிய நாள், கையெழுத்து என ஒரு நோட்டு போதும். பழுதானால் பயன்படுத்திய பங்கு சரிசெய்யும், தேய்மானத்தால் என்றால் மேற்சொன்ன விகிதம் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சாமி எந்தக் கோயில் பங்களாவில் தங்குவார்? – வாசகர், லிங்கராஜபுரம்

கோயிலுக்கு அருகிலுள்ள பங்கு இல்லத்தில் தங்குவது அவர் கடமை (533). இரண்டு பங்கு என்றால் எது என்பதை நியமனக் கடிதத்திலேயே குறிப்பிடும்படி கேளுங்கள். காலியாகும் இல்லத்தை வாடகைக்கு விட்டால் அந்த வருமானம் அந்தப் பங்குக்கே சேரும்.

எங்கள் பங்கில் தமிழர்கள் குறைவு. பகிர்வு வந்தால் முதலில் வெட்டு விழுவது தமிழ்ப் பூசைக்குத்தானே?
– வாசகி, இந்திரா நகர்

உங்கள் அச்சம் நியாயமானது. கன்னடம், தமிழ், ஆங்கிலம், சில இடங்களில் கொங்கணி, மலையாளம் என்று ஒரே கோயில் பல மொழி பேசும் நகரம் இது. பூசை நேரங்களைக் குறைக்கும்போது மொழிதான் முதலில் அடிபடும், மனங்களும் அங்கேதான் புண்படும். அதனால் மொழியைக் கடைசியில் பேசலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அட்டவணை வரையும் முதல் கூட்டத்திலேயே பேசுங்கள்.

முதலில் நான்கு ஞாயிறுகள் ஒவ்வொரு பூசைக்கும் தலைகளை எண்ணுங்கள். நற்கருணை நேரத்தில் எண்ணுவது எளிது. ஆனால் வாங்காமல் அமர்ந்திருப்பவர்களையும் குழந்தைகளையும் சேர்க்க மறக்க வேண்டாம். தவக்காலத்திலோ விழாக்காலத்திலோ எண்ணினால் கணக்குப் பொய்யாகும். சூன், சூலை ஞாயிறுகள் சரியாக இருக்கும். பக்கத்துப் பங்கின் தமிழர் எண்ணிக்கையையும் சேர்த்து மேசையில் வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் 80 பேர், 150 பேர். சேர்த்தால் 230 பேருக்கான ஒரு பூசை. இந்த எண்ணோடு போனால் கேட்பார்கள்.

இரண்டு கோயிலிலும் வாராவாரம் தமிழ்ப் பூசை முடியாதென்றால், ஒரு கோயிலில் வாராவாரம் ஒரே நேரத்தில் வைக்கக் கேளுங்கள். "முதல், மூன்றாம் ஞாயிறு இங்கே, இரண்டாம், நான்காம் ஞாயிறு அங்கே" என்பது தாளில் நியாயமாகத் தெரியும். நடைமுறையில் மக்களைக் கலைத்துவிடும். ஐந்தாம் ஞாயிறு வரும் மாதத்தில் எங்கே போவதென்று யாருக்கும் தெரியாது. மூன்று முறை பூட்டிய கோயிலைப் பார்த்தவர் நான்காம் முறை வரமாட்டார். பூசையை இழக்கும் கோயிலில் மாதத்துக்கு ஒரு முறையாவது தமிழ்ப் பூசை, அன்பியக் கூட்டம், தவக்காலச் சிலுவைப்பாதை ஆகியவை தமிழில் தொடர வேண்டும். முதியவர்களுக்கு ஆட்டோச் செலவை அன்பியமே ஏற்கட்டும். பாவசங்கீர்த்தனத்தைத் தாய்மொழியில் செய்ய விரும்பும் பாட்டிமார்களுக்குத் தமிழ்ச் சாமி எந்த நாள், எத்தனை மணிக்கு எங்கே இருப்பார் என்று வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

பாடகற்குழுவை மட்டும் அவசரமாக ஒன்றாக்காதீர்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு மெட்டு பழகியவர்கள். பெரிய விழாக்களில் சேர்ந்து பாடிப் பழகட்டும்.

இரவில் நோயிற்பூசுதல் தேவைப்பட்டால் யாரைக் கூப்பிடுவது? – வாசகர், கம்மனஹள்ளி

இரண்டு பங்குக்கும் சேர்த்து ஒரே அவசர எண் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தொலைபேசி அந்தந்த இரவுக்குப் பொறுப்பான குருவின் கையில் இருக்க வேண்டும், அலுவலக மேசையில் அல்ல. நோயிற்பூசுதலை (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளத்தை) குரு மட்டுமே கொடுக்க முடியும். திருத்தொண்டரோ அருட்சகோதரியோ கொடுக்க முடியாது. ஆனால் அவசரத்தில் எந்தக் குருவும் கொடுக்கலாம் (1003). செயின்ட் ஜான்ஸ், செயின்ட் மார்த்தாஸ் போன்ற கத்தோலிக்க மருத்துவமனையில் இருந்தால் முதலில் அங்குள்ள ஆன்ம குருவைக் கேளுங்கள். பங்கிலிருந்து ஆள் வருவதற்குள் அவர் வந்துவிடுவார். மூச்சு நிற்கும்வரை காத்திருந்து கூப்பிடும் வழக்கத்தை விடுவது இதைவிட முக்கியம்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அவர்கள் ஊரில் பங்குகளை "குடும்பம்" ஆக்கிவிட்டார்கள் என்கிறான். இங்கே பேசப்படுவதும் அதுதானா?
– வாசகர், ஜெயநகர்

ஒரே பெயரில் அங்கே வெவ்வேறு காரியங்கள் நடக்கின்றன. பாஸ்டன் உயர்மறைமாவட்டம் 2012-இல் தொடங்கிய திட்டத்தில் இரண்டு மூன்று பங்குகள் ஒரு பங்குத்தந்தையின்கீழ் வந்தன. ஆனால் ஒவ்வொரு பங்கும் தனிச் சட்ட ஆளாக, தன் பணத்தோடும் சொத்தோடும் நீடித்தது. சின்சினாட்டி உயர்மறைமாவட்டம் 2022 ஜூலையில் 208 பங்குகளை 57 குடும்பங்களாகத் தொகுத்தது. அங்கே ஒவ்வொரு குடும்பமும் காலப்போக்கில் ஒரே பங்காக ஆவதுதான் இலக்கு. அதனால் உங்கள் மகன், "இது கூட்டா, இணைப்புக்கு முதல் படியா?" என்று கேட்க வேண்டும்.

இணைப்பு ஆணை வந்துவிட்டால் எதிர்ப்புத் தெரிவிக்கக் காலக்கெடு மிகக் குறைவு. ஆணை அறிவிக்கப்பட்டதிலிருந்து 10 நாளுக்குள், அதைத் திரும்பப் பெறும்படியோ திருத்தும்படியோ ஆயருக்கே எழுத வேண்டும் (1734). அவர் மறுத்தால் அடுத்த 15 நாளுக்குள் ரோமாபுரிக்கு மேல்முறையீடு (1737). கையெழுத்து வேட்டையில் இரண்டு வாரம் செலவழித்தவர்கள் அந்த 10 நாளைத் தவறவிட்டிருப்பார்கள். பங்கைக் கலைப்பதும் கோயில் கட்டடத்தை மூடுவதும் தனித்தனி முடிவுகள். கட்டடத்தை வழிபாட்டிலிருந்து விலக்க வேறு காரணமும் வேறு ஆணையும் வேண்டும் (1222). பங்கு இணைந்தாலும் கோயிலில் பூசை தொடரலாம். அதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 8 மாதா பிறப்புத் திருவிழா நெருங்கும்போது பகிர்ந்த சாமியை எந்தக் கோயிலும் பிடிக்க முடியாதே? – வாசகி, சிவாஜிநகர்

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து திருவிழா முடியும்வரை சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவைச் சுற்றிப் போக்குவரத்தே வேறு மாதிரி ஆகிவிடும். அந்தப் பதினோரு நாளுக்குத் தனி அட்டவணையை ஜூலைக்குள் போட்டுவிடுங்கள். பயண இடைவெளி 45 நிமிடத்தை 75 ஆக்குங்கள். அந்த நாள்களில் உங்கள் கோயில் மாலைப் பூசையைக் காலைக்கு மாற்றுங்கள். இரண்டு பங்கில் ஒன்றின் பாதுகாவலர் விழாவும் இதே வாரத்தில் விழுந்தால், வெளிக்குருவை ஏப்ரலிலேயே எழுதிக் கேட்டுவிட வேண்டும். அந்த வாரம் நகரில் தமிழ் பேசும் குரு யாரும் சும்மா இருக்கமாட்டார்.